மதியம் பன்னிரண்டு மணி வரை இடம் வேண்டி விண்ணப்பம்

பெறுநர்: மேலாண்மை இயக்குநர், தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் (டாஸ்மாக்), காந்தி இர்வின் சாலை, எழும்பூர், சென்னை.

பொருள்: டெல்டா மாவட்ட பார்களில் காலை வேளையில் நெல் பிடிக்க அனுமதி கோருதல்.

ஐயா,

காந்தி பேர் போட்ட சாலையில் உட்கார்ந்து சரக்கு விற்க ஒரு துணிச்சல் வேண்டும். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

இடம் பிடிப்பதில் உங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. அடுத்த ஆண்டே வயற்காட்டு நடுவில் கடை முளைத்தது. ஓடாத ரைஸ் மில்லோ பாழடைந்த கொட்டகையோ, சுவர் நின்றால் போதும்: ஆஸ்பெஸ்டாஸ் சாய்ப்பு, கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி, வாட்டர் பாக்கெட், சுண்டல். பார் டெண்டர் எடுத்தவருக்கு உரிமை தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேர்க்கவும் மட்டும்தானாம். மிச்சமெல்லாம் தானாக நடக்கிறது போல.

புடாபெஸ்ட்டிலும் இப்படித்தான். இடிக்க விட்டிருந்த பழைய கட்டடங்களில் பார் திறந்தார்கள். 2002-ல் தொடங்கிய சிம்ப்லா கெர்ட்டைப் பார்க்க உலகமே போகிறது. ஆனால் அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் விவசாயிகள் சந்தை போடுகிறார்கள். என் விண்ணப்பம் அங்கிருந்துதான் பிறந்தது.

உங்களுக்கு ஓர் அண்ணன் உண்டு. எங்கள் நெல்லைக் கொள்முதல் செய்யும் நுகர்பொருள் வாணிபக் கழகம், 1972-ல் பிறந்தவர், நீங்கள் 1983. தம்பிக்கு ஊரெல்லாம் கூரை. அண்ணனோ தார்ப்பாயோடு திண்டாடுகிறார். ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலில் குறுவை நெல் குவியலிலேயே முளைவிடுகிறது. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் "காயவச்சு எடுத்துட்டு வாய்யா" என்கிறார்கள். வெயில் எங்கே விற்கிறது என்று சொல்வதில்லை. ரோட்டில் பாதியை மறித்துக் காயப்போடுகிறோம். பிடித்த மூட்டைகளும் லாரி வராமல் நனைகின்றன. தீபாவளிக்கு முந்தின நாள் பாட்டில் லாரி வராமல் போன கதை உண்டா? ஈரப்பதம் பார்த்து யாரையாவது திருப்பி அனுப்பியதுதான் உண்டா?

உங்கள் கடை திறப்பது பகல் 12 மணிக்கு. அதுவரை சும்மா கிடக்கும் சாய்ப்பில் நாங்கள் நெல்லைக் கொட்டி, தூற்றி, 40 கிலோ மூட்டையாகப் பிடித்து, 11:45-க்குப் பெருக்கிவிட்டுப் போய்விடுகிறோம். முந்தின ராத்திரி உடைந்த பாட்டிலை மட்டும் உங்கள் ஆட்கள் கூட்டிவிடட்டும். வயலில் நடவுக்கு இறங்கும் பெண்கள் காலில் குத்துவதே போதும்.

வாடகை கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். 2024-25-ல் அரசுக்கு 48,344 கோடி ரூபாய் கொண்டுவந்தவர் நீங்கள். உங்களுக்கும் ஒரு லாபம் இருக்கிறது. எங்கள் நெல்லுக்குப் பேங்கில் ஏறும் காசில் ஒரு பங்கு எப்படியும் சாயங்காலம் உங்களிடம்தான் வருகிறது. ஒரே கூரைக்குள் முடித்துக்கொண்டால் எங்களுக்கு பஸ் காசு மிச்சம்.

இப்படிக்கு,
டோக்கனோடு நிற்கும் ஒரு விவசாயி,
தஞ்சாவூர் மாவட்டம்.