கள்ளிப்பழம் விக்கிற ஊரு

வா மருமகனே, உக்காரு. சிசிலிக்குப் பொறப்பட்டாச்சாமே! கடலு தெரியிற மாடி, காலையில காப்பி, மத்தியானம் தூக்கம், ராத்திரிக்கு ஆலிவ் எண்ணெய்னு எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டியாம். உங்கம்மா வந்து அழுதுட்டுப் போனா. அவ அழுதது உனக்காகன்னு நெனச்சுக்கிடாத. நாலு வயசுப் பேத்தியத் தூக்கிட்டுப் போறியேன்னு அழுதா. நீ இங்க இருந்தப்பவும் செல்லுக்குள்ளதானே இருந்தே, நீ போனதே ஒரு வாரம் கழிச்சுத்தான் அவளுக்குத் தெரியும்.

நான் அந்த ஊருல இருந்தவன்ங்கிறதால யோசனை கேக்க வந்திருக்கே. இருந்தேன், இல்லேங்கல. மக பலெர்மோவுல ஆராய்ச்சிக்குப் போனா, பிள்ளையப் பாத்துக்கிட ஆளில்லன்னு என்னையக் கூப்பிட்டா. ஆடிக் கடைசியில போயி ஐப்பசிக் கடைசியில திரும்பினேன். நம்ம விசாவுக்கு 180 நாளைக்கு 90 நாள்தான் கணக்கு. அதுக்கு மேல ஒரு நாள் நின்னா, மாமனார் வீட்டுல நாலாம் நாளு விருந்துக்கு உக்காந்த மாப்பிள்ளை கதைதான். உனக்கு என்ன, வீட்டுல உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டுறவனுக்குன்னு 2024-ல தனி விசாவே திறந்துட்டான். முதுகு வளையாம சம்பாதிக்கிறவனுக்கு எந்த நாட்டுலயும் மரியாதைதான்.

மொதல்ல உன் பேரைச் சரி பண்ணு. நமக்கு ஏது குடும்பப் பேரு? பாஸ்போர்ட்டுல உங்கப்பன் பேரைக் கடைசிப் பேருன்னு போட்டிருப்பே. அங்க எந்த ஆபீசுக்குப் போனாலும் உன் பேரை ஒருத்தன் சொல்ல மாட்டான். டோக்கன் வரவும் 'சிஞ்ஞோர் மாடசாமி'ம்பான். செத்துப் பத்து வருசமான மனுசனை ஊரு விட்டு ஊரு போயி எழுப்புறானேன்னு உனக்குத் திக்குங்கும். எங்க மச்சான் உசுரோட இருக்கையில ஒரு ஆபீசுல ஒருத்தன் அவரைச் 'சார்'னு சொன்னதில்ல. அந்த வகையில நீ போறது நல்லதுதான்.

அடுத்து ஒரு நம்பரு. கோதிச்சே ஃபிஸ்காலேம்பான், வரிக் கணக்கு நம்பரு. அது இல்லாம அங்க வாடகைக்கு வீடு பிடிக்க முடியாது. மொத்தம் 16 எழுத்து. அப்பன் பேருல மூணு, உன் பேருல மூணு, பொறந்த வருசம், மாசத்துக்கு ஒரு எழுத்து, தேதி, பொறந்த ஊரு. நீ இந்தியாவுல பொறந்தவன்னா இசட் 222. பொம்பளைப் பிள்ளைன்னா பொறந்த தேதியோட 40 கூட்டிப் போடுவான். ஏழாந்தேதி பொறந்த என் பேத்தி அங்க நாப்பத்தேழாம் தேதி பொறந்தவளாயிட்டா. பேருல எடுக்கிற மூணு எழுத்து இருக்கே, அதுதான் வேடிக்கை. மாடசாமியில ம், ட், ச்னு மெய்யை மட்டும் வச்சுக்கிட்டு உயிரை எடுத்திருவான். ஆபீசுன்னா உயிரை எடுப்பான்னு நாம சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்றோம். அவன் சட்டமாவே எழுதி வச்சிருக்கான்.

இதுல பிள்ளைக்கு ஒரு சிக்கல் இருக்கு, நல்லாக் கேட்டுக்க. உன் கடைசிப் பேரு மாடசாமி. பிள்ளையோட கடைசிப் பேரு உன் பேரு. உன் பொண்டாட்டிக்கு அவ அப்பன் பேரு. ஒரு வீட்டுல மூணு பேரு, மூணு குடும்பமாட்டம் போயி நிப்பீங்க. பொண்டாட்டி பேரு மாறியிருந்தா அவனுக்கு ஒண்ணுமில்ல, அங்கயும் கல்யாணம் கட்டினவ அப்பன் வீட்டுப் பேரைத்தான் வச்சிருக்கா. பெத்த பிள்ளைக்கு வேற பேரு இருந்தாத்தான் கண்ணாடிய இறக்கிவிட்டு மேல பாப்பான். அதனால பிள்ளையோட பிறப்புச் சான்றிதழை எடுத்து வச்சுக்க. அதுல பிள்ளை பேரு இருக்கான்னு மொதல்ல பாரு. நம்மாளு பாதிப் பேரு பொறந்தப்ப வாங்கின சீட்டுல 'பெண்'ணுன்னு மட்டும் இருக்கும், பேரு ஏத்தாமலே பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும். பேரை ஏத்தி, அப்போஸ்டில் முத்திரை குத்தி, இத்தாலி பாசையில மாத்தி எடுத்துக்க. இங்கயே முடி. அங்க போயி உங்கம்மாவை நகராட்சிக்கு அனுப்பி அலைய விடாத.

போயி இறங்கி எட்டு வேலை நாளுக்குள்ள தங்குறதுக்கு மனு போடணும். மனுக் கட்டு தபாலாபீசுல குடுப்பான். அதுல ஒட்டுற 16 யூரோ முத்திரை வில்லை எங்க கெடைக்கும்ங்கிறே? பீடி, சிகரெட்டு விக்கிற கடையில! கடை வாசல்ல பெருசா 'டி' எழுத்து தொங்கும். பஸ்ஸு சீட்டும் அங்கதான். நம்ம வெத்தலைபாக்குக் கடையில பத்திரத்தாள் வித்த மாதிரி. அப்புறம் போலீசு ஆபீசுல கைரேகை வைக்கச் சொல்லிக் கூப்பிடுவான். கார்டு கைக்கு வர மாசக்கணக்காகும், அது வரைக்கும் தபாலாபீசு குடுத்த ரசீதுதான் உனக்கு உசுரு. அந்த அனுமதிக்குப் பேரு 'பெர்மெஸ்ஸோ'. அடுத்த வீட்டுக்குள்ள கால் வைக்கும்போதும் 'பெர்மெஸ்ஸோ'ன்னு சொல்லிட்டுத்தான் நுழையணும், வரலாமான்னு அர்த்தம். அடுத்த வீட்டுக்காரி உடனே 'வா வா'ம்பா. சர்க்காரு அதையே எட்டு மாசம் யோசிக்கும்.

தடுப்பூசிய மறந்துராத. 2017-ல ஒரு சட்டம் போட்டு 10 நோய்க்குக் கட்டாயமாக்கிட்டான். ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு அது முடியலன்னா பால்வாடி வாசலுக்குள்ள விடமாட்டான். நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்ட அட்டைய எடுத்துப் பாரு. தட்டம்மைக்கு இருக்கும், ரூபெல்லாவுக்கு இருக்கும். பொன்னுக்குவீங்கிக்கும் சின்னம்மைக்கும் இருக்காது, சர்க்காரு அட்டவணையில அது கெடையாது. தனியாப் போட்டுக்க. சின்னம்மை வந்தா வேப்பங்கொலை கட்டிக்கிடலாம்னு அங்க போயிச் சொல்லாத.

அந்த ஊரு வெயிலுக்குக் குளுகுளுன்னு இருக்கும்னு சட்டை எடுத்து வச்சியே, 2021 ஆகஸ்டு 11-ல சிசிலியில ஃப்ளோரிடியாங்கிற ஊருல 48.8 டிகிரி. ஐரோப்பாவுலயே அதுதான் உச்சம். 2024-ல மழை பொய்ச்சு, அக்ரிஜெந்தோ பக்கம் முறை வச்சுத் தண்ணி விட்டான். மாடிக்கு மாடி நீலத்தொட்டிய வச்சுக்கிட்டு எப்ப வரும் எப்ப வரும்னு குழாயைப் பாத்துட்டு நிக்கான். கரிசக்காட்டுல பொறந்து, தண்ணிக் கஷ்டம் பொறுக்காம மத்தியதரைக் கடலுக்குப் போறேங்கியே!

செல்லுல ஓயாமக் காட்டுறியே, ஒரு யூரோவுக்கு வீடுன்னு. இருக்கு, பொய்யில்ல. சம்பூக்கா தி சிசிலியான்னு ஒரு ஊரு 2019-ல அப்படி ஏலம் விட்டுச்சு. 5,000 யூரோ முன்பணம் கட்டணும், மூணு வருசத்துல இடிஞ்சதையெல்லாம் எடுத்துக் கட்டணும், கட்டாட்டி முன்பணம் அம்போ. ஏன் ஒரு யூரோவுக்குக் குடுக்கான்னு கேட்டியா? அந்த ஊரு இளவட்டமெல்லாம் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போயாச்சு. பூட்டின வீடு, முத்தத்துல பூனை, திண்ணையில ரெண்டு கெழவன். நம்ம வடக்குத் தெருவுல பூட்டிக் கெடக்கே ஒன்பது வீடு, அதை ஒரு ரூவாய்க்குத் தரச் சொல்றேன், வர்றியா? வரமாட்டே. அவன் விட்டுட்டு ஓடின திண்ணையில போயி நீ உக்காரப் போறே, நீ விட்டுட்டு ஓடின திண்ணையில நான் உக்காந்திருக்கேன்.

பிள்ளைக்கு மட்டும் அங்க ராஜமரியாதைதான், அதுல கொறை சொல்ல முடியாது. இத்தாலியில ஜனம் ஆறு கோடிக்குப் பக்கம். 2023-ல பொறந்த பிள்ளைங்க நாலு லட்சம் கூடத் தேறல. அதனால தெருவுல ஒரு பிள்ளையக் கண்டா புதையலைக் கண்ட மாதிரிப் பாய்வான். மீன் வெட்டுறவன் கத்தியக் கீழ வச்சுட்டு வந்து 'ஜோயா, பெட்டா'ன்னு கொஞ்சிக் கன்னத்தைக் கிள்ளுவான். ராத்திரி பத்து மணிக்கும் பிள்ளைங்க சதுக்கத்துல ஓடிக்கிட்டிருக்கும், ஒருத்தனும் தூங்குன்னு அதட்ட மாட்டான். ஆனா மத்தியானம் மூணு மணிக்கு உன் பிள்ளை வீட்டுக்குள்ள பந்து தட்டினா கட்டடமே கதவைத் தட்டும்.

எங்களுக்கு மேல மூணாவது மாடியில ஒரு கெழவி. ஒத்தைக்கட்டை. அடிக்கடி மாடி ஏற முடியாததால பால்கனியில இருந்து கயித்துல கூடைய இறக்கும். கீழ கடைக்காரன் ரொட்டிய வைப்பான், காசை எடுத்துக்குவான், கெழவி கெணத்துல தண்ணி இறைக்கிற மாதிரிக் கை மாத்திக் கை மாத்தி இழுக்கும். நான் வாய் பாத்துட்டு நிப்பேன். ஒரு நா பேத்தி தலைக்குக் குளிச்ச ஈரத்தோட வாசலுக்கு வந்துட்டா. மேல இருந்து ஒரு சத்தம் பாரு, எனக்குச் செத்துப்போன எங்கப்பத்தா ஞாபகம் வந்துருச்சு. 'கோல்போ தாரியா'ன்னு கத்துது. காத்து அடிச்சிரும்னு அர்த்தம். ஈரத்தலை, வேர்த்த முதுகு, சாக்ஸு இல்லாத காலு, மூணுல எதைப் பாத்தாலும் அந்த ஊரு ஆச்சிமாருக்கு நெஞ்சு அடைச்சிரும். படிச்ச பிள்ளைங்களும் அதைத்தான் நம்புது.

இன்னொரு நா பேத்தி ரெண்டு வேளையாச் சாப்பிடாம நசநசன்னு இருந்தா. கெழவி மெதுவாப் படியிறங்கி வந்துச்சு. தட்டுல தண்ணி ஊத்தச் சொல்லி, விரல்ல ஆலிவ் எண்ணெயத் தொட்டு மூணு சொட்டு விட்டு, என்னமோ வாய்க்குள்ள முணுமுணுத்துச்சு. சொட்டு பரவிச்சுன்னா கண்ணேறு பட்டிருக்காம். அந்த மந்திரத்தைக் கிறிஸ்துமஸுக்கு மொத நா ராத்திரிதான் அடுத்தவளுக்குச் சொல்லிக் குடுக்கலாமாம். நான் சும்மா இருப்பனா? வத்தல், உப்பு, தெருமண்ணு எடுத்துச் சுத்தி அடுப்புல போட்டேன். வத்தல் கமறி ரெண்டு பேரும் இருமினோம், கெழவி என் தோளைத் தட்டிச்சு. மறுநா பிள்ளை சாப்பிட்டுச்சு. யாரு வைத்தியத்துல சரியாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குள்ள வழக்கு நிக்கி. பிள்ளை வைத்தியர்கிட்டக் கூட்டிப் போனது மக. அங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு வாங்காத தனி வைத்தியர் உண்டு, பதிஞ்சு வச்சுக்க.

நம்மாளுங்க இருக்காங்களான்னு கேட்டே. இருக்காங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க. 1980-கள்ல சண்டைக்குப் பயந்து வந்தவங்க, பலெர்மோவுல பல்லரோ சந்தைப் பக்கம் போனா கறிவேப்பிலையும் கெடைக்கும், நல்ல தமிழும் கெடைக்கும். ஞாயித்துக்கெழமை மோந்தே பெல்லெக்ரினோ மலையில ரோசாலியாத் தாயி குகைக் கோயிலுக்குப் போவாங்க, வேதக்காரங்க மட்டுமில்ல, திருநீறு பூசினவங்களும். 1624-ல பிளேக் வந்து ஊரு செத்துக் கெடந்தப்ப நோயை நிறுத்தினது அவதான்னு பலெர்மோக்காரன் நம்புறான். கொள்ளை நோயைத் தீர்க்கிற பொம்பளைத் தெய்வம்னா நமக்கு யாருன்னு சொல்லித் தரணுமா? குகைக்கு மேல இருந்து சொட்டுற தண்ணியத் தகரக் கால்வாய் வச்சு ஓரமாத் திருப்பி விட்டிருக்கான். நான் அதைத்தான் ரொம்ப நேரம் பாத்தேன். தண்ணிய வீணாக்காதவன் எந்தச் சாமியக் கும்பிட்டாலும் எனக்குச் சம்மதம்.

புரட்டாசியில சந்தையில ஒண்ணு பாத்தேன். பலகையில அடுக்கி, தண்ணி தெளிச்சு, கிலோ இவ்வளவுன்னு அட்டை குத்தி வச்சிருக்கான், சப்பாத்திக்கள்ளிப் பழம்! நம்ம ஓடைக்கரைக் கள்ளிக்கு அது பங்காளி, உருவம் பெருசு. பேரு கேட்டா 'ஃபிக்கி திந்தியா'ங்கான், இந்திய அத்தியாம். வந்ததோ மெக்சிகோவுல இருந்து. கொலம்பஸ் வழி தப்பினதுக்கு நம்ம பேரை வச்சுட்டான். அதை வெவசாயமாப் பண்ற ஒருத்தரோட கொல்லைக்கு ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கூட்டிப் போனாரு. ஜூன் மாசம் பூத்த மொதப் பூவையெல்லாம் தட்டி விட்டுருவாங்களாம். செடி வீம்புக்கு மறுபடி பூக்கும், மழை பெய்யயில காய்க்கும், ஐப்பசியில பெருசாப் பழுக்கும், விதையும் கம்மி. அதுக்குத்தான் வெலை. இதுல பிள்ளையப் பிடுங்கிட்டுப் போறதுக்கு ஒரு பொருத்தம் சொல்லுவேன்னு எதிர்பாக்கிறே. சொல்லமாட்டேன், நான் வெவசாயி. பூவைத் தட்டினதுல காய்க்காமப் போன செடியும் அங்க இருந்துச்சு.

பள்ளிக்கூடம் செப்டம்பர்ல. மூணு வயசுல இருந்து ஆறு வரைக்கும் சர்க்காரு பால்வாடி, சம்பளம் கெடையாது, சாப்பாட்டுக்குத்தான் காசு. மொத நாளே தள்ளிவிட்டுட்டு வர முடியாது. 'இன்செரிமெந்தோ'ன்னு ஒரு முறை வச்சிருக்கான், வீட்டாளு ஒருத்தர் கூட உக்காரணும். மொத நா ஒரு மணி நேரம், அடுத்த நா ரெண்டு, அப்படியே கூட்டிக்கிட்டு போவான். மகளுக்கு லீவு இல்ல, நான் போயி உக்காந்தேன். நாற்காலி ஒரு சாண் உசரம், முழங்காலு நாடியில இடிக்கி. சுத்தி எல்லாம் அங்கி மாட்டின பிள்ளைங்க. ஒண்ணு வந்து என் மீசையப் பிடிச்சு இழுத்துப் பாத்துட்டுப் போச்சு. மொத நா பேத்தி என் வேட்டிய விடல. ரெண்டாம் நா ஒத்தைக் கையால பிடிச்சுக்கிட்டு மறு கையால களிமண்ணு பெசஞ்சா.

அஞ்சாம் நா வாசல்ல வேட்டிய விட்டுட்டு உள்ள ஓடினா. பாதியில திரும்பி நின்னு, 'வாய், நோன்னோ'ன்னா. நோன்னோன்னா தாத்தான்னு எனக்குத் தெரியும். 'வா தாத்தா'ன்னுதான் கூப்பிடுதுன்னு ரெண்டு எட்டு உள்ள வச்சுட்டேன். டீச்சரம்மா சிரிச்சுக்கிட்டே கையக் காட்டி மறிச்சுச்சு. 'வாய்'னா அந்தப் பாசையில 'போ'ன்னு அர்த்தமாம்.

கேட்டுல சத்தம் கேக்குது, உங்கம்மாதான் வர்றா. இதை அவகிட்டச் சொல்லிராத.