தரையில்தான் இறங்க வேண்டுமா?

கேள்வி: ட்ரோனைப் பத்திரமாகத் தரையில் இறக்கினால் போதாதா? கையில், வலையில், மெத்தையில் என்று எதற்கு இத்தனை பரிசோதனை?

பதில்: தரை நன்றாக இருந்தால் போதும். புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தால், மணல் கிளம்பி மோட்டாருக்குள் போனால், வேறு இடம் தேடித்தான் ஆக வேண்டும். பெரிய நிறுவனங்களும் தேடின. ‘ஸ்கேன்ஈகிள்’ என்ற ஆளில்லா விமானத்துக்குச் சக்கரமே கிடையாது. செங்குத்தாகத் தொங்கும் கயிற்றில் போய் மோதும். இறக்கை நுனியில் இருக்கும் கொக்கி கயிற்றைக் கவ்விக்கொள்ளும். ஓடுபாதை இல்லாத சிறு கப்பலிலும் அதைத் திரும்பப் பெற முடிவது இதனால்தான். ருவாண்டாவில் 2016 முதல் மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் ஸிப்லைன் விமானங்களும் இப்படித்தான். திரும்பி வரும்போது இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ள கயிற்றில் வால் கொக்கியை மாட்டி நிற்கின்றன.

கேள்வி: கையை நீட்டினால் என் ட்ரோன் மேலே எழும்பி விலகுகிறது. என்னை அதற்குப் பிடிக்கவில்லையா?

பதில்: உங்கள் கையைத் தரை என்று நினைக்கிறது! வயிற்றுப் பக்கம் இருக்கும் சென்சார், தரை திடீரென்று நெருங்கிவிட்டதாகக் கணக்குப் போட்டு உயரத்தைக் கூட்டுகிறது. துரத்திப் பிடிக்காதீர்கள். முகத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, தலைக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். உள்ளங்கையை அதன் அடியில் அசையாமல் விரித்து, ரிமோட்டில் இறக்கும் குச்சியைக் கீழே இழுத்தபடி பிடியுங்கள். கையைத் தரையாக ஏற்றுக்கொண்டு உட்காரும், மோட்டாரும் நிற்கும். ப்ரொப்பெல்லரைச் சுற்றிக் காப்பு வளையம் உள்ள சிறு ட்ரோனில் மட்டும் செய்யுங்கள். ஐந்து அங்குல ப்ரொப்பெல்லர் பூட்டிய ரேசிங் ட்ரோனுக்குக் கை நீட்டித் தையல் போட்டுக்கொண்ட விரல்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மொட்டை மாடியில் பழைய மீன்வலையைக் கட்டி அதில் ட்ரோனைப் பிடிக்கலாமா?

பதில்: நான்கு ப்ரொப்பெல்லர் ட்ரோன் என்றால் கூடவே கூடாது. சுழலும் ப்ரொப்பெல்லர் நூலை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். மோட்டார் சிக்கி நிற்கும், மின்சாரம் மட்டும் பாய்ந்துகொண்டே இருக்கும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. பலகை கருகிவிடும்.

வலை, ப்ரொப்பெல்லர் பின்பக்கம் இருக்கும் ஃபோம் விமானத்துக்கு ஏற்றது. மூக்கு முதலில் முட்டும், ப்ரொப்பெல்லர் வலைக்கு வெளியே இருக்கும். ஆனால் கட்டும் விதத்தில்தான் எல்லாமே. நான் முதலில் நாலு மூலையையும் முறுக்கி இழுத்துக் கட்டினேன். வலை விமானத்தைப் பந்து போலத் திருப்பி அடித்தது. மறுநாள் மேல் விளிம்பை சைக்கிள் ட்யூப் துண்டுகளில் தொங்கவிட்டு, கீழ் விளிம்பை முன்பக்கமாகத் தூக்கித் தொட்டில் போலக் கட்டினேன். விமானம் முட்டியதும் வலை இரண்டு முழம் பின்னால் போனது. விமானம் மெல்லச் சறுக்கித் தொட்டிலுக்குள் படுத்துக்கொண்டது. முட்டுவதற்குச் சற்று முன்னால் த்ராட்டிலை முழுக்கக் குறைத்துவிட வேண்டும். மாடி வேண்டாம், குறி தப்பினால் தெருவில் போகிறவர் தலையில் விழும். காலி மைதானத்தில் இரண்டு மூங்கில் நடுங்கள்.

கேள்வி: மெத்தையைப் போட்டு, மேலே வந்ததும் மோட்டாரை நிறுத்தி விழவிட்டால்?

பதில்: நல்ல யோசனை, மெத்தை அமுங்குமானால். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் ட்ரோன் ஒரே சென்டிமீட்டரில் நின்றால், சராசரியாகத் தன் எடையைப் போல் சுமார் நூறு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் அமுங்கி நின்றால் சுமார் பத்து மடங்குதான். வலை பின்னால் போவதும் இதே கணக்குதான். வருஷக்கணக்கில் படுத்துக் கெட்டியான இலவம்பஞ்சு மெத்தைக்கும் சிமென்ட் தரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஃபோம் போடுங்கள். முழங்கால் உயரத்தில் ஆரம்பியுங்கள். ஆட்டம் தெரியாமல் படம் பிடிக்கும் கிம்பல் கேமரா இருந்தால் முயலாதீர்கள், அதன் ரிப்பன் வயர் தாங்காது.

கேள்வி: நேராகக் கீழே இறக்கினால் ஆடிக்கொண்டே தொப்பென்று விழுகிறதே?

பதில்: தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே இறங்குகிறது. அந்தச் சுழலில் ப்ரொப்பெல்லருக்குப் பிடிமானம் கிடைக்காது. சாய்வாக முன்னால் நகர்ந்தபடி, மெதுவாக இறக்குங்கள்.

கேள்வி: காலில் காந்தம் ஒட்டி இரும்புக் கேட்டில் நிறுத்தலாமா?

பதில்: ஜி.பி.எஸ். ட்ரோன் என்றால் திசைகாட்டி குழம்பும். வேண்டாம்.

கேள்வி: வெறும் மணலில் இறக்கும்போது ட்ரோன் பக்கவாட்டில் நழுவுகிறது. கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, அதற்கு அடையாளம் கிடைக்கவில்லை. கீழ்நோக்கிய கேமரா தரையிலுள்ள புள்ளிகளையும் விளிம்புகளையும் வைத்துத்தான் தன் இடத்தைக் கணிக்கிறது. செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டருக்கும் இதே சிக்கல்தான் வந்தது. 2024 ஜனவரி 18 அன்று, தன் 72-வது பறத்தலில், அடையாளமே இல்லாத மணல்மேட்டின் மீது இறங்கியபோது இறக்கைகள் உடைந்தன. அதோடு அதன் பயணம் முடிந்தது. எனக்கு அது இன்றும் வருத்தம்.

நம்மிடம் மருந்து இருக்கிறது: ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். கனமாக இருப்பதால் காற்றுக்குப் பறக்காது. ஆனால் அதிலுள்ள வெறும் கோடுகள் போதாது. கோட்டின் நீளவாக்கில் நழுவினால் கேமராவுக்குத் தெரியாது. அங்கங்கே நாலைந்து கலர் காகிதங்களைக் குத்தி வையுங்கள்.

கேள்வி: பாராசூட்?

பதில்: ஒரு கிலோ ட்ரோனுக்கு ஒரு மீட்டர் அகலக் குடை நன்றாக விரிந்தால், நொடிக்குச் சுமார் 4 மீட்டர் வேகத்தில் இறங்கும். மேசை மேலிருந்து தவறி விழும் வேகம் அது. விரிய உயரம் வேண்டும், விரிவதற்கு முன் மோட்டார் நிற்க வேண்டும். இல்லையென்றால் கயிறு ப்ரொப்பெல்லரில் சுற்றும்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் இதையெல்லாம் செய்து பார்க்கத் துடிக்கிறான். விடலாமா?

பதில்: விடுங்கள் அம்மா. 250 கிராமுக்கு மிகாத ட்ரோன் வாங்கிக் கொடுங்கள். நம் நாட்டு விதிப்படி அது ‘நானோ’ வகை, பைலட் சான்றிதழ் தேவையில்லை. விமான நிலையப் பக்கம் மட்டும் போக வேண்டாம். முதல் நாள் ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு, மோட்டாரை நிறுத்தும் சுவிட்சைக் கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொல்லுங்கள். ஐம்பது முறை தப்பாமல் தட்டிய பிறகு ப்ரொப்பெல்லரை மாட்டட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவனுக்கு ஒன்று, பக்கத்தில் நிற்கப்போகும் உங்களுக்கு ஒன்று.