கிளைகூட்டு இயல்

பல ஊர்க் கிளைகளின் வலையமைப்புகள், தத்தம் ரவுட்டரிலிருந்து ஒன்றுக்கொன்றோ, கிளவுடில் உள்ள கேட்வேக்கோ வி.பி.என். டன்னல் போட்டு, ஒரே கட்டடத்தில் இருப்பனபோல் நடிப்பது கிளைகூட்டு எனப்படும். ‘நடிப்பது’ என்றதன் காரணம் கீழே விளங்கும்.

அது இருவகைத்து: நேர்க்கூட்டு, நடுக்கூட்டு. ஒவ்வொரு கிளையும் மற்ற எல்லாவற்றோடும் தனித்தனி டன்னல் கொள்வது நேர்க்கூட்டு. 10 கிளைக்கு 45 டன்னல்; பதினோராவது கிளைக்கு ரிப்பன் வெட்டினால் இன்னும் 10. நடுக்கூட்டில் எல்லாம் கேட்வேயில் கூடுவதால் கிளைக்கு ஒன்று போதும். அமேசானோ, ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கட்டும் என்று, ஒரு இணைப்புக்கு இரண்டு டன்னல் தரும். கேட்வே மும்பை டேட்டா சென்டரில் இருந்தால், திருப்பூர்க் கிளையின் பில் கோயம்புத்தூருக்கு மும்பை வழியாகவே போகும். இதைக் குற்றமென்று கொள்ளார், தூரம் கண்ணுக்குத் தெரியாமையின்.

இனிக் கிளைகளின் சாதி. 1996இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 உள்முகவரிக்கென மூன்று குலங்களை ஒதுக்கியது: 10இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குவது. முதற்குலத்தில் மட்டும் 1.68 கோடி முகவரிகள். அற்றேல், கிளைகள் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டு வாழுமோ எனின், வாழா. ரவுட்டர் பெட்டியிலிருந்து வெளிவந்தபோதே 192.168.1 என்று எழுதியிருந்தது. கேபிள் செருகியவர் அதை மாற்றவில்லை. இவை பிறவிக் கிளைகள், பெரும்பான்மை இவையே. கிளை எண்ணைப் பார்த்து 10.1, 10.2 என்று வகுத்தவை திட்டக் கிளைகள், அருகிய இனம். 172 குலத்தில் ஒரு கிளை தென்பட்டால், டாக்கரும் இயல்பாக 172.17ஐயே எடுத்துக்கொள்ளும் என்பதை நினைவிற் கொள்க.

பிறவிக் கிளைகள் இரண்டு கூடும்போது இவ்வியல் கலங்கும். மதுரைப் பிரிண்டரும் 192.168.1.50; ஓசூரில் விரல் வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷினும் அதுவே. கேட்வேக்கு யாரென்று தெரியாது. தீர்வு இரண்டு. ஒன்று, ஒரு கிளை முழுவதற்கும் முகவரி மாற்றுவது. டேலி சர்வரின் ஐ.பி.யை ஒவ்வொரு கணினியிலும் கையால் அடித்து வைத்த அலுவலகத்தில் இது ஞாயிற்றுக்கிழமை வேலை, சி.சி.டி.வி. திங்கட்கிழமைதான் நினைவுக்கு வரும். மற்றொன்று, நாட் வைத்துப் பொய் முகவரி பூட்டுவது. இது ஒரே நாளில் முடியும். பிறகு எது மெய் முகவரி என்பதை எழுதிவைத்த தாள் தொலையும். முன்னதே நன்று என்பது எம் துணிபு.

டன்னலின் நிலை மூன்று. ஓடுவது, விழுந்தது என்னும் இரண்டும் வெளிப்படை. பச்சை விளக்கு எரிந்தும் ஒன்றும் போகாமை மூன்றாவது; புலமைக்கு இடம் இதுவே. முதற்கட்டக் கைகுலுக்கல் முடிந்து, இரண்டாங்கட்டத்தில் இருபுறமும் சொன்ன சப்நெட் பொருந்தாதிருக்கலாம். போகும் வழி எழுதி, திரும்பும் வழி எழுதாதிருக்கலாம். பிங் போய், பெரிய ஃபைல் பாதியில் நின்றால் அது எம்.டி.யு. நோய்: 1500 பைட் பாக்கெட்டின்மேல் ஐபிசெக் தன் உறையைப் போர்த்த, அது பாதையில் அடங்காமற்போகிறது. டி.சி.பி.யின் எம்.எஸ்.எஸ்.ஸை 1350 அளவுக்குக் குறைக்கத் தீரும்.

ரவுட்டரின் வெளிமுகத்தில் 100.64 முதல் 100.127 வரை ஏதேனும் காணப்படின், அக்கிளை இணைய நிறுவனத்தின் நாட் பெட்டிக்குப் பின்னே உள்ளது. அதை வெளியிலிருந்து அழைக்க முடியாது. டன்னலை அதுவே தொடங்க வேண்டும்; பாக்கெட் போவது யு.டி.பி. 4500 வழியே. கேட்வே பக்கத்திலிருந்து எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்யினும் வாராது.