மூன்றடி வில்லன்

"கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" என்று பெண் பார்த்த அன்றே என் மாமியார் சொன்னாராம். என் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். அந்த ஓர் அங்குலமும் தலையில் முடி இருந்த காலத்துக் கணக்கு.

சிங்கப்பூரில் கிராஞ்சிக்கு அடுத்த ரயில் நிலையமான இயூ டீயில் எங்கள் வீடு. போன சனிக்கிழமை மகள் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தாள். ஆட்டம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

"அப்பா, நீங்கதான் வில்லன். ஹாஃப்லிங் மந்திரவாதி."

"ஹாஃப்லிங்னா?"

"மூணடி மனுஷன்."

அடுப்படியில் மனைவி சிரித்ததில் கரண்டி கீழே விழுந்தது.

விடுவேனா? வம்சத்தையே தோண்டினேன். 1937-ல் டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' கதையின் குட்டை மனிதர்களே மூதாதையர். 1974-ல் இந்த ஆட்டம் வந்தபோது அதிலும் அவர்கள் ஹாபிட்தான். உரிமைக்காரர்கள் கண்ணை உருட்டியதும் ஹாஃப்லிங் என்று பெயர் மாறியது. முக்கியமான சங்கதி, 1978 விதிப்புத்தகப்படி ஹாஃப்லிங் திருடனாகலாம், போர்வீரனாகலாம், மந்திரவாதியாக முடியாது.

"எனக்குத் தகுதியே இல்லை" என்று வழக்காடினேன்.

"அந்தத் தடையை 2000-லேயே எடுத்துட்டாங்கப்பா."

வழக்கு தள்ளுபடி. சரி, கௌரவமாவது மிஞ்சட்டும் என்று, "அகத்தியரும் குறுமுனிதான். கடலையே குடித்தவர்" என்றேன்.

"அப்ப நீங்க கிராஞ்சி நீர்த்தேக்கத்தைக் குடிச்சிடுங்க. வில்லன்னா ஒரு குற்றம் வேணும்ல?"

குடித்தேன். 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி ஓய்ந்த கிராஞ்சி குதிரைத் திடல் என் கோட்டையாயிற்று. குதிரைகளை மறைய வைத்த பழியும் என் மேல்தான். தாளில் என் சக்திகளை மகன் எழுதினான்: நள்ளிரவில் ஏர்கானை அணைத்தல், மின்கட்டண ரசீதை உரக்க வாசித்தல். பலவீனம்: மேல் அலமாரி.

தேசிய சேவை முடித்த ஆறடி மகன் வாளோடு வந்தான். தப்பிக்க இருபது முகப் பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது. "ஹாஃப்லிங்குக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஒன்று விழுந்தா இன்னொரு தடவை உருட்டலாம்" என்றாள் மகள். உருட்டினேன். மறுபடியும் ஒன்று. கல்யாணத்திலிருந்தே என் அதிர்ஷ்டத்தின் போக்கு அதுதான்.

நீர்த்தேக்கம் மீண்டது. "ஜெயிச்சவங்களுக்கு முறுக்கு. மேல் அலமாரி டின்னை எடு தம்பி" என்றாள் மனைவி. மகன் எக்கக்கூட இல்லாமல் எடுத்தான். டின் பஞ்சாய் இறங்கியது. திறந்தால் அடியில் கொஞ்சம் தூள்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். என் பலவீனத்தை எழுதியவர்கள், வீட்டில் நாற்காலி என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்கள்.

"எங்கம்மா அன்னைக்கே சொன்னாங்க" என்றாள் மனைவி.