இளங்காளை இருக்கட்டும், பெரிய காளையை அவுங்க!

வாங்கடா பேராண்டிகளா, இப்படித் திண்ணையில ஒக்காருங்க. மார்கழி பொறந்தா நம்ம சேவுகம்பட்டியில பெருமாள் கோயில் பாட்டு காதுல விழும்னு பாத்தேன். விழுந்தது ஏலச் சத்தம். அபுதாபியில நடந்த ஏலத்துல சென்னை சூப்பர் கிங்ஸ் ரெண்டு பசங்களைப் பிடிச்சிருச்சாம். பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா. ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம். அது வரைக்கும் இந்தியாவுக்காக ஒரு மேட்ச்கூட ஆடாத பசங்க. இருக்கட்டும், அவுக காசு, அவுக பாடு. நிலக்கோட்டை மார்க்கெட்டுல இன்னைக்கு மல்லிகை என்ன வெலைன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியலை. எந்த டீம் கையில எத்தனை கோடி மிச்சம்னு கேட்டா எல்லாரும் ஒப்பிக்கிறீக. நல்லா இருங்கப்பா.

நான் கூப்பிட்டது வேற பஞ்சாயத்துக்கு. ருதுராஜ் கெய்க்வாட்டைக் கேப்டனா வச்சுக்கிறதா, தூக்குறதா? 2025 நவம்பர் 15-ந் தேதி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு அனுப்பிட்டு சஞ்சு சாம்சனைக் கூட்டிட்டு வந்தாங்கல்ல, அன்னையிலருந்து உங்களுக்குத் தூக்கமில்லை. 'சஞ்சு ராஜஸ்தானை 2022-ல ஃபைனல் வரைக்கும் கொண்டுபோன ஆளு, அவரு கையில கொடுத்துட்டா என்ன'ன்னு ஒரு கோஷ்டி. 'பேசாம தோனியே இருக்கட்டும்'னு இன்னொரு கோஷ்டி. 2026-க்கும் ருதுராஜ்தான் கேப்டன்னு நிர்வாகமே சொல்லிருச்சு. சொன்னா மட்டும் போதுமா? சேவுகம்பட்டி ஒத்துக்க வேணாமா!

சரி, பையன் மேல என்ன குத்தம்? வரிசையா சொல்லுங்க. 2025-ல பத்து டீமுல பத்தாவது. மொத்தம் 14 மேட்சுல 4 ஜெயம். கடைசி இடம் சென்னைக்கு அதுதான் மொதத் தடவை. பெங்களூருக்காரன் 2008-க்கு அப்புறம் சேப்பாக்கத்துல நம்மளை ஜெயிச்சதே இல்லை; அவன் வந்து 50 ரன்னுல அடிச்சுட்டுப் போனான். கொல்கத்தாகிட்ட நம்ம மண்ணுல 103 ரன்னுக்குப் படுத்தாச்சு. கேட்ச் விட்டதைக் கணக்கெடுத்தா விடிஞ்சிரும். தை மாசம் நம்ம அழகர் கோயில்ல வாழைப்பழம் சூறை விடுறப்ப ஒரு பழம் தரையில விழாமப் பிடிக்கிற ஆளுக நீங்க. கேட்ச் விட்டவனைத் திட்ட உங்களை விட்டா வேற யாருக்கு உரிமை?

எல்லாம் சரி. ஆனா ஒரு கணக்கு மட்டும் உதைக்குதே பேராண்டி. மார்ச் 30-ந் தேதி கவுஹாத்தியில துஷார் தேஷ்பாண்டே போட்ட பந்து பையன் கையில பட்டுச்சு. முழங்கை எலும்புல கீறல் விழுந்து, ஏப்ரல் 10-ந் தேதி ஆட்டத்தை விட்டே வெளிய போயிட்டான். அப்ப ஆடியிருந்தது 5 மேட்ச், ஜெயிச்சது 1. மிச்சம் 9 மேட்சுக்குக் கேப்டன் யாரு? நீங்க சாமி கும்பிடுற தோனி. அதுல ஜெயிச்சது 3. நான் சொன்ன 103 இருக்கே, அது பையன் போனதுக்கு அடுத்த நாளு. பையன் அஞ்சுல ஒண்ணு, பெரியவரு ஒம்போதுல மூணு. பத்தாவது எடத்துக்கு ரெண்டு பேரும் சேந்துதான் வந்தாக. பழி மட்டும் ஒருத்தன் தலையில. நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியே நடத்துறீகளே, மெச்சிக்கிட்டேன்.

அதுக்கு முந்தின வருசம்? 2024 மார்ச் 21-ந் தேதி, ஆட்டம் ஆரம்பிக்க ஒரு நாள் இருக்கப்ப, 'இந்தாப்பா, நீதான் கேப்டன்'னு சொன்னாக. அந்த வருசம் 14-ல 7 ஜெயம். பையன் அடிச்ச ரன்னு 583. கடைசி மேட்சு பெங்களூருல. 27 ரன்னுல தோல்வி. இன்னும் 10 ரன் கூட எடுத்துத் தோத்திருந்தாலே ப்ளே-ஆஃப் போயிருக்கலாம். அந்த மேட்சுல பையன் மொதப் பந்துலயே அவுட்டு. அதையும் சொல்லிடுறேன், இல்லைன்னா கெழவன் ஒரு பக்கமா பேசுறான்னும்பீக.

இந்தப் பையனைத் தூக்கிப் போடச் சொல்லி நீங்க கத்துறது இது மொதத் தடவை இல்லை. 2020 ஞாபகம் இருக்கா? கொரோனா வந்து எந்திரிச்சு வந்தவன், மொத மூணு ஆட்டத்துல அடிச்சது 0, 5, 0. அதுக்கு நடுவுல சின்னப் பசங்ககிட்ட 'ஸ்பார்க்' தெரியலைன்னு தோனி ஒரு வார்த்தை விட்டாரு. அதை வச்சு நீங்க போட்ட மீம்ஸ் கொஞ்சமா நஞ்சமா? அந்த மூணுக்கு அப்புறமும் எறக்கிவிட்டாக. தொடர்ந்து மூணு அரைசதம். மறு வருசம் 635 ரன்னு, ஆரஞ்சுத் தொப்பி, கோப்பை. ஸ்பார்க்கைத் தேடுனவுக எல்லாம் அதுக்கப்புறம் வெயில்ல கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரிஞ்சீக.

சரிப்பா, 'ஆட்டக்காரனா நல்லவன், கேப்டனாத்தான் சரியில்லை'ம்பீக. வர்றேன் அதுக்கு.

2022-ல ஜடேஜாவைக் கேப்டனாக்குனாக. எட்டு மேட்சு, ரெண்டு ஜெயம். ஏப்ரல் கடைசியில பதவி மறுபடி தோனிகிட்டப் போச்சு. அதே ஜடேஜா அடுத்த வருசம் அகமதாபாத் ஃபைனல்ல கடைசி ரெண்டு பந்துல சிக்ஸும் ஃபோரும் அடிச்சு அஞ்சாவது கோப்பையைக் கொண்டாந்தான். ஆக, ஜடேஜாவும் கேப்டனுக்கு லாயக்கில்லை, ருதுராஜும் லாயக்கில்லை. எனக்கு ஒரு சந்தேகம்டா. ரெண்டு பேரு தோத்தாக. ரெண்டு பேருக்கும் பின்னாடி, ஸ்டம்புக்கு அந்தப் பக்கம், நின்னது யாரு?

ஏன்டா மொறைக்கிறீக? கேளுங்க. அந்தக் காலத்துல உழவு பழகாத காளையைத் தனியா பூட்ட மாட்டோம். பழகுன மாடு ஒண்ணோட ஜோடி சேத்து நுகத்தடியில பூட்டுவோம். பெரிய மாட்டுக்கு சால் தெரியும், எங்க திரும்பணும்னு தெரியும். இளங்காளை அது போற பக்கம் போகும். பத்து நாள் அப்படி ஓட்டலாம், தப்பில்லை. அப்புறம் பெரிய மாட்டை அவுத்துரணும். அவுக்காம விட்டா என்ன ஆகும்? இளசு அது மேலயே சாஞ்சுக்கிட்டு, தானாத் திரும்பவே பழகாது. பெருசுக்கும் வயசு, இழுக்க முடியாது. ஏர் நடு வயக்காட்டுல நிக்கும். உழுகுறவன் சாட்டையைச் சொழட்டி இளங்காளையை அடிப்பான். பெரிய மாட்டை அடிக்க அவனுக்குக் கை வருமா?

மைதானத்துல நடந்ததும் அதுதான். ஃபீல்டிங் மாத்துறப்ப பந்து போடுறவன் கண்ணு எங்க போச்சு? கேப்டன் கிட்டயா, கீப்பர் கிட்டயா? சேப்பாக்கத்துல பெங்களூருகிட்டத் தோத்த அந்த மேட்சுல தோனி இறங்குனது ஒம்போதாவதா. 16 பந்துல 30 ரன் அடிச்சாரு. ஆட்டம்தான் அதுக்குள்ள முடிஞ்சு போயிருந்துச்சு. முழங்கால் முந்தி மாதிரி இல்லை, பத்து ஓவர் ஓடி ஆட முடியாதுன்னு கோச் ஃப்ளெமிங்கே வெளிப்படையா சொல்லிட்டாரு. சரி, 'அண்ணே, முன்னாடி எறங்குங்க, இல்லைன்னா வெளிய ஒக்காருங்க'ன்னு சொல்ல வேண்டியது யாரு? கேப்டன். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே டீமுக்குள்ள வந்த பையன் அதை எந்த வாயால சொல்லுவான்? நீ சொல்லுவியாடா? உங்கப்பன்கிட்ட மோட்டார் ரூம் சாவி கேக்கவே உனக்குத் தைரியம் வரலை.

இம்புட்டுக்கும் தோனி எப்படி வந்தாரு, யோசிச்சுப் பாத்தீகளா? 2007-ல தென்னாப்பிரிக்காவுல மொத டி20 உலகக் கோப்பை. டெண்டுல்கர், கங்குலி, டிராவிட் மூணு பேரும் 'நாங்க வரலை, பசங்க போகட்டும்'னு ஒதுங்கிக்கிட்டாக. தோனிக்கு 26 வயசு. பின்னாடி நின்னு 'ஃபீல்டரைத் தள்ளி நிறுத்து'ன்னு சொல்ல ஒரு பெரியவரு இல்லை. பாகிஸ்தானை 5 ரன்னுல முடிச்சு கோப்பையைத் தூக்கிட்டு வந்தாரு. பெரியவுக வழி விட்டதால தோனி கெடைச்சாரு. அந்தத் தோனியோட ரசிகருகளுக்குத்தான் வழி விடுறதுன்னா கசக்குது.

2013-ல மும்பைக்குக் கேப்டன் பாண்டிங். கேப்டனா உலகக் கோப்பை ரெண்டு வாங்குன ஆளு. ரன் வரலைன்னதும் தானே பதினோரு பேரை விட்டு வெளிய போய் ஒக்காந்தாரு. ரோகித் கையில கொடுத்தாக. அந்த வருசமே மும்பைக்கு மொதக் கோப்பை. 2025 மே மாசம் ரோகித்தும் கோலியும் டெஸ்டை விட்டுப் போனாக. 25 வயசு கில் கேப்டன். இங்கிலாந்து மண்ணுல 754 ரன்னு அடிச்சு, தொடரை ரெண்டுக்கு ரெண்டுன்னு முடிச்சுட்டு வந்தான். ரெண்டுலயும் பழைய கேப்டன் ஸ்லிப்புலயும் இல்லை, ஸ்டம்புக்குப் பின்னாடியும் இல்லை.

அமெரிக்காவுல இருக்குற நம்ம பங்காளி மகன் ஒரு கதை சொன்னான். அங்க ஒரு ஃபுட்பால், கையால எறியிற ஃபுட்பால். அதுல எல்லாத்தையும் முடிவு பண்றவன் பேரு குவார்ட்டர்பேக். பேரைக் கேட்டதும் நிமிந்து ஒக்காராதீக, அது கடைச் சரக்கு இல்லை. கிரீன் பேன்னு சின்ன ஊரு, பேக்கர்ஸ்னு டீமு. ஊர்க்காரங்களே பங்கு வாங்கி வச்சிருக்குற டீமு. அங்க பிரெட் ஃபார்வ்னு ஒருத்தரு, பதினாறு வருசம் அவருதான் தோனி. அவருக்குப் பின்னாடி ஆரோன் ராட்ஜர்ஸ்னு ஒரு பையனை 2005-ல எடுத்து மூணு வருசம் ஒக்கார வச்சாக. 2008 மார்ச்சுல ஃபார்வ் கண்ணீர் விட்டு ஓய்வுன்னாரு. கொஞ்ச மாசத்துல 'திரும்பி வர்றேன்'னாரு. ஊரே ரெண்டா நின்னுச்சு. டீம்காரங்க என்ன செஞ்சாக? கும்பிடு போட்டு, அவரை நியூயார்க் டீமுக்கு அனுப்பிட்டாக. பையன் மொத வருசம் ஜெயிச்சது 6, தோத்தது 10. மறு வருசம் ஃபார்வ் எதிர் டீமுல நின்னு இவங்களை ரெண்டு தடவை அடிச்சாரு. ஊரு எப்படி வஞ்சிருக்கும், நெனைச்சுப் பாருங்க. ஆனா பையனை மாத்தலை. 2011 பிப்ரவரியில சூப்பர் பவுல் கோப்பை வந்துருச்சு. நாளைக்கு ஜடேஜா ராஜஸ்தான் சட்டையோட வந்து சேப்பாக்கத்துல நம்மளைச் சாத்துனா, இந்தக் கதையை ஞாபகம் வச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு வீட்டுக்கு வாங்க.

'அப்ப வயசானவன் கேப்டனா இருக்கவே கூடாதா?'ன்னு கேப்பீக. நான் அப்படிச் சொல்லலை. நம்ம மாவட்டத்து டீமு, நத்தம் என்.பி.ஆர். காலேஜ் மைதானத்துல ஆடுற திண்டுக்கல் டிராகன்ஸ் இருக்கே. 2024-ல அஸ்வினுக்கு 37 வயசு. அவருதான் கேப்டன், மேல எறங்கி அடிச்சதும் அவரு, ஃபைனல்ல அரைசதமும் அவரு. கோப்பை வந்துச்சு. 2025-ல ஃபைனல்ல திருப்பூர்கிட்டத் தோத்தாக. ஜெயிச்சாலும் தோத்தாலும் யாரு பொறுப்புன்னு ஒரு பயலுக்கும் சந்தேகமில்லை. பெரியவருன்னா பெரியவரு, பையன்னா பையன். பாதிப் பாதியா வச்சாத்தான் கேடு.

ஆக, கெழவன் தீர்ப்பைக் கேளுங்க. பையன் இருக்கட்டும். 2025-லயே 28 வயசு ஆச்சு. ஆசிய விளையாட்டுல இந்தியாவுக்குக் கேப்டனா தங்கம் வாங்கியிருக்கான். 2025 டிசம்பர் 3-ந் தேதி ராய்ப்பூர்ல தென்னாப்பிரிக்காகிட்ட 105 அடிச்சான். முழுசா ரெண்டு சீசன் கொடுங்க. தோத்தா அப்பத் தூக்குங்க, நானும் வந்து ஒரு கை பிடிக்கிறேன். சஞ்சு அடிக்க வந்தவரு, அடிக்கட்டும். பக்கத்துலயே இன்னொரு கேப்டன் இருக்காருன்னு ஒவ்வொரு தோல்விக்கும் விரலை நீட்டாதீக. தோனிக்கு 2025-லயே 44 வயசு. 2026-க்கும் 4 கோடி சம்பளத்துல டீமுல வச்சுக்கிட்டாக. மைதானத்துக்கு வெளிய நாற்காலி போட்டு ஒக்கார வச்சு, ராத்திரி ஆட்டம் முடிஞ்சதும் பையன் போய்க் கேட்டுக்கட்டும். கெழவனே கெழவரை அவுக்கச் சொல்றானேன்னு பாக்காதீக. கெழவனுக்குத்தான் கெழவனோட வித்தை தெரியும்.

கடைசியா உங்களுக்கு ஒண்ணு. சேப்பாக்கத்துல ஜடேஜா அவுட்டானா கைதட்டுன ஆளுக நீங்க, தோனி எறங்குவாருன்னு. நான் அவுட்டாகணும்னுதான் இவுக காத்துக்கிட்டு இருக்காகன்னு அவனே 2023-ல சிரிச்சுக்கிட்டே சொன்னான். சொந்த டீம்காரன் அவுட்டானா கொண்டாடுற ஊருல எந்தப் பையன் கேப்டனா நெலைப்பான்? அடுத்த சீசனுக்கு டிக்கெட் எடுத்துட்டுப் போறவுக, ருதுராஜ் அவுட்டானா தயவுசெஞ்சு கைதட்டாம வாங்கடா.