டாட் ஃபோர் அண்ணன்

ஜவ்வாது மலைக்கு வாரக்கடைசியில் பைக்கில் ஏறி வருகிறவர்களில் பல ரகம் உண்டு. தேனும் சாமையும் வாங்க வருகிறவர், பீமன் நீர்வீழ்ச்சியில் நனைய வருகிறவர், கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்த்து வீடியோ எடுப்பதற்கென்றே வருகிறவர். எதிலும் சேராத ஒருவர் ஜமுனாமரத்தூர் டீக்கடை வாசலில் நிற்பார். கையில் டீ ஆறிக்கொண்டிருக்கும். கண் மட்டும் அடுத்தவன் வண்டியின் ஹேண்டில்பார் மேல் இருக்கும்.

“தம்பி, உங்க வண்டியா? பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்க?”

இந்தக் கேள்விக்குத் தேதி சொன்னவனை நான் பார்த்ததில்லை. “அதெல்லாம் லெவல் இருக்குண்ணா” என்பதுதான் வழக்கமான பதில். அண்ணன் காத்திருப்பதும் அதற்குத்தான்.

பக்கத்துக் காவலூரில் விஞ்ஞானிகள் 1986-லிருந்து 2.3 மீட்டர் தொலைநோக்கியை வைத்து வானத்தைத் துழாவுகிறார்கள். நம் அண்ணனுக்குப் பிரேக் டப்பாவின் நகக்கண் அகலக் கண்ணாடி போதும். குனிந்து, ஒரு கண்ணை மூடி, வண்டியின் கடந்த காலம் முழுவதையும் சொல்லிவிடுவார். ஆயில் வைக்கோல் நிறத்தில் இருந்தால் முகம் சற்றுத் தெளியும். டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால், துக்கம் விசாரிக்க வந்தவர் போல உரிமையாளரின் தோளில் கை வைப்பார்.

“லெவல் இருக்கும் தம்பி. உள்ள தண்ணி இல்ல சேர்ந்திருக்கு?”

பிறகு பாடம் தொடங்கும். டாட் ஃபோர் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. ரப்பர் குழாய் வழியாகக்கூட மெல்ல மெல்லக் குடிக்கும். புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். போளூர்ப் பக்கம் இறங்கும்போது லீவரைப் பிடித்த பிடி விடாமல் வந்தால் டிஸ்க் சூடேறி, ஆயில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக் குமிழ் கட்டும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் லீவர் சொன்னபடி உள்ளே வரும், வண்டி மட்டும் நிற்காது.

“நான் ரொம்ப ஓட்டறதே இல்லண்ணா. மொத்தமே 4,000 கிலோமீட்டர்தான்.”

“தண்ணி என்ன மீட்டர் பார்த்தா உள்ள வருது? ரெண்டு வருஷம் ஆச்சுன்னா மாத்திடணும்.”

“ஏபிஎஸ் இருக்கேண்ணா?” 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு 2019 ஏப்ரலில் அது கட்டாயமானதிலிருந்து அண்ணனுக்கு வந்த புதுத் தலைவலி இது. “அந்த ஏபிஎஸ்ஸும் இதே ஆயில்லதான் வேலை செய்யுது தம்பி” என்று சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வதில் ஒரு சொல்லும் தப்பில்லை. தப்பாகப் பேசுகிறவரைச் சிரித்துத் தட்டிக்கழிக்கலாம்; சரியாகப் பேசுகிற அறுவையை என்ன செய்வது? ஆம்பூரில் நாலு பேர் பிரியாணி சாப்பிடும் காசுகூட ஆகாத வேலை. செயினுக்கும் சைலன்சருக்கும் ஆயிரக்கணக்கில் கொட்டுகிற பையன்கள் இதற்கு மட்டும் அடுத்த சர்வீஸ் என்பார்கள். அண்ணன் தன் பையில் சீல் பிரிக்காத பாட்டில் ஒன்றும், தண்ணீர் பாட்டில் ஒன்றும் வைத்திருப்பார். அந்த ஆயில் ஒரு சொட்டு டேங்கில் விழுந்தாலும் பெயின்டைத் தின்றுவிடும், உடனே கழுவ வேண்டும் என்பதால் இரண்டாவது. பாதி உபயோகித்து மூடி வைத்த பாட்டிலை எடுக்கும் மெக்கானிக்கைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

அப்படிப்பட்டவரை ஒருமுறை ஒரு மலைவாசிப் பெரியவர் திணறடித்தார். பழைய டிவிஎஸ் எக்ஸ்எல். முன்னால் மூட்டை, பின்னால் பலாப்பழம். அண்ணன் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

“பெரியவரே, ஆயில் மாத்தறீங்களா?”

“மாத்தறது இன்னா சார்? பெட்ரோல் போடும்போதே சேர்த்து ஊத்திடறேன்.”

டூ-ஸ்ட்ரோக் வண்டி. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக், கம்பியில் இழுக்கிற சங்கதி. மாற்றுவதற்கு ஆயிலும் இல்லை, குனிந்து பார்க்கக் கண்ணாடியும் இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் வேலை போனவர் மாதிரி நின்றார்.

“இறக்கத்துல எப்படி வருவீங்க?”

“இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு வருவேன். பெட்ரோல் மிச்சம்.”

அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இறக்கத்தில் இன்ஜின் பிடித்து நிறுத்துகிற பாதிப் பிரேக்கைப் பெரியவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார். லீவரை அமுக்கிப் பார்த்தால் ஹேண்டிலைத் தொடுகிறது. ஸ்பேனரை எடுத்து, அட்ஜஸ்டர் நட்டை நாலு சுற்றுச் சுற்றி, சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்து, இன்ஜினை ஆஃப் பண்ண மாட்டேன் என்று பெரியவரிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

பெரியவர் காசு நீட்டினார், இவர் வாங்கவில்லை. பலாப்பழத்தை நீட்டினார், ஜவ்வாது மலைப் பலாவை மறுக்க எவருக்குத் துணிச்சல் வரும்? பின்சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம்.

“பதினஞ்சு கிலோ இருக்குமா?” என்றார் அண்ணன் என்னிடம்.

“இருக்கும்.”

“அப்ப இறங்கறப்ப டிஸ்க்குக்கு இன்னும் சூடு ஏறும்” என்று முகம் மலர்ந்து, பையிலிருந்து சீல் பிரிக்காத பாட்டிலை வெளியே எடுத்தார்.