சாய்தலும் சாய்தல் நிமித்தமும்

சாலையில் வண்டியோடு விழுகிறவனைப் பற்றிச் சட்டம் பேசுகிறது, செய்தித்தாள் பேசுகிறது, காவலர் வந்து சாக்பீஸால் கோடு கிழிக்கிறார். அது புறத்திணை. சொந்த வீட்டு கேட்டுக்கு முன்னால், நடக்கிற வேகத்தில், 195 கிலோ வண்டியைச் சாய்த்துவிட்டு நிற்பவனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இவ்வாராய்ச்சி. இந்நிகழ்ச்சி அகத்திணையின்பாற்படும் என்பது எம் துணிபு. நடந்த இடம் வீட்டெல்லை. தொடர்புடையோர் தலைவன், தலைவி, நற்றாய், பாங்கன், கண்டோர். அதற்கும் மேலே, அகத்தில் எவர் பெயரையும் சுட்டிச் சொல்வது மரபன்று. வாசலில் வண்டியைப் போட்ட எந்தத் தலைவனும் தன் பெயர் வருவதை விரும்பப்போவதில்லை. ஆகவே மரபும் தேவையும் இங்கே கைகோத்துக்கொள்கின்றன.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கிளாசிக் 350. 1955இல் மதராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியதிலிருந்து இவ்வினத்தோடு தமிழ் வாசல்களுக்குத் தொடர்புண்டு. 112 கிலோ ஸ்ப்ளெண்டர் சாய்ந்தால் தொடையைக் கொடுத்துத் தாங்கிவிடலாம். எக்ஸ்எல் சாய்ந்தால், மேலே இருக்கும் தேங்காய் மூட்டையைப் பற்றித்தான் கவலை. இரண்டும் ஆய்வெல்லைக்குப் புறம்பு. 241 கிலோ சூப்பர் மீட்டியார் 650 தனி நூலுக்கு உரியது.

தலைவனுக்கும் வண்டிக்கும் உள்ள உறவு எவ்வகை என்பதில் இரு கட்சி உண்டு. ஞாயிறுதோறும் துடைத்துத் துடைத்து மினுக்குகிறவன் அவன் ஒருவனே, வண்டி அவனைத் திரும்பியும் பார்ப்பதில்லை, ஆதலின் கைக்கிளை என்பர் ஒரு சாரார். 60 கிலோ ஆளுக்கும் 195 கிலோ இரும்புக்கும் பொருத்தமே இல்லை, ஆதலின் பெருந்திணை என்பர் மறுசாரார். வண்டி விழும்வரை முன்னதும் விழுந்தபின் பின்னதும் கொள்க.

இனி முதற்பொருள். நிலமாவது வாசல் சறுக்கு. தெருவில் சாலை போடப் போடத் தளம் உயர்கிறது. வீட்டுக்காரர் தம் பங்குக்கு வீட்டை இன்னும் உயர்த்துகிறார். நடுவில் இருக்கும் மூன்றடிக்குள் சிமென்ட் சரிவு ஒன்றைப் போட்டு, அதன் தலைமாட்டில் வழுக்கும் டைல்ஸும் பதிக்கிறார். பொழுதாவது காலை. கோலத்துக்குத் தெளித்த தண்ணீர் காயவில்லை, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது, சறுக்கின் குறுக்கே எதிர்வீட்டுக் கார் நிற்கிறது. நிலமும் பொழுதும் இவ்வாறு மயங்கிய இடத்தில் வண்டி சாயாமல் இருந்தால்தான் ஆராயவேண்டும்.

சாயும் விதம் அநேகமாக ஒன்றுதான். தலைவன் வண்டியைப் பின்னோக்கி இறக்குவான். ஹேண்டிலை முழுக்க ஒடிப்பான். கார் இடிக்கப்போகிறதென்று முன்பிரேக்கை ஒரு அழுத்து அழுத்துவான். ஓடுகிற வண்டியை நிமிர்த்தி வைப்பது அதன் ஓட்டம். நடக்கிற வேகத்தில் அந்த உதவி கிடையாது. ஹேண்டில் ஒடிந்திருக்க முன்சக்கரம் சட்டென்று நின்றால், வண்டியின் மிச்ச உந்துதல் அப்படியே பக்கவாட்டில் போகிறது. அந்நேரம் தலைவனின் கால் எங்கே இருக்கிறது என்றால், சறுக்கின் தாழ்ந்த பக்கத்தில், தரையை எட்டாமல், செருப்பு நுனியில் துழாவிக்கொண்டிருக்கிறது. இன்னொரு விதமும் உண்டு. சரிவில் நியூட்ரலில் விட்டு சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி மெல்ல முன்னால் உருண்டு ஸ்டாண்டைத் தானே மடக்கிக்கொள்ளும். ஃபர்ஸ்ட் கியரில் விட்டிருந்தால் உருண்டிருக்காது. இதைத் தெருவில் எல்லோரும் அறிவர்; விழுந்தபிறகு சொல்வர்.

இங்கே சிறிது கணக்கும் வேண்டும். வண்டியின் எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும் ஹேண்டில் ஒரு மீட்டரிலும் இருப்பதாகக் கொண்டால், 5 பாகை சாய்வில் ஹேண்டிலில் வந்து சேரும் பாரம் எட்டரைக் கிலோ. ஒரு கையால் பிடிக்கலாம், இன்னொரு கையால் போனும் பேசலாம். 10 பாகையில் 17 கிலோ, பல்லைக் கடிக்கவேண்டும். 30 பாகையில் கிட்டத்தட்ட 50 கிலோ. எட்டரைக்கும் ஐம்பதுக்கும் நடுவே கழிவது ஒரு மூச்சு நேரம். அதற்குள் விட்டுவிடுவதுதான் அறிவுடைமை. தலைவன் விடமாட்டான். அரிசி மூட்டை வாங்கப் போனால் கூலிக்கு ஆள் பார்க்கிறவன், இங்கே மட்டும் கடைசிவரை பிடித்து, வண்டியோடு தானும் மெதுவாக, மரியாதையாக, தரைக்கு இறங்குவான். இடுப்புப் பிடிப்பு வருவது இதனால்.

கருப்பொருள்களை விரித்துரைக்க வேண்டா. தெய்வம், முன்பக்கம் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும், கடமையில் தவறியது. விலங்கு, தெருநாய், எழுந்து இரண்டடி தள்ளிப் படுத்துக்கொள்ளும். பறை, லெக் கார்டு டைல்ஸில் மோதும் ஓசை. அவ்வோசை மூன்று வீடு தாண்டிக் கேட்கும் என்பதே இனி வருவதற்கெல்லாம் காரணம்.

உரிப்பொருள் நாணம். விழுந்ததும் தலைவன் முதலில் பார்ப்பது வண்டியையா, காலையா, எனின் இரண்டையும் அன்று. எதிர்வீட்டு ஜன்னலை, பிறகு மாடிப் படியை, பிறகு தெருக்கோடியை. ஒருவர் இருவர் அறிந்தால் அம்பல், ஊரறிந்தால் அலர். அம்பல் அலராக மாறுமுன் வண்டி நிமிர்ந்துவிட வேண்டும். இந்த அவசரத்தில்தான் நம் ஆராய்ச்சியின் மையம் இருக்கிறது: முதல் வீழ்ச்சியைச் செய்வது சறுக்கு, இரண்டாம் வீழ்ச்சியைச் செய்வது அலர்.

அஃது யாங்ஙனமெனின் கூறுதும். தரையில் கிடக்கும் வண்டியை ஹேண்டிலைப் பிடித்து நிமிர்த்த, மேற்சொன்ன கணக்குப்படி 85 கிலோவுக்கு மேல் தூக்கவேண்டும். முறையாகச் செய்தால் இது கிழவருக்கும் ஆகும். சாவியை அணை. கியரில் போடு, சக்கரம் உருளாது. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, இடுப்பை சீட்டின் விளிம்பில் முட்டுக்கொடு. ஒடிந்த ஹேண்டிலை ஒரு கையிலும் பின்பிடியை மறு கையிலும் பற்றி, சிறு சிறு அடியாகப் பின்னால் நட. தூக்குவது தொடைகள், முதுகு சும்மா இருக்கும். வண்டி வலப்புறம் விழுந்திருந்தால் முதலிலேயே சைடு ஸ்டாண்டை இறக்கிவிட வேண்டும், நிமிர்ந்து மறுபக்கம் போனாலும் ஸ்டாண்டு ஏற்றுக்கொள்ளும். இடப்புறம் விழுந்திருந்தால் எச்சரிக்கை வேண்டும், ஏனெனில் வலப்புறத்தில் தாங்க ஒன்றுமில்லை.

தலைவனுக்கு இதெல்லாம் தெரியும். போனில் பார்த்திருக்கிறான். ஆனால் வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்துகிறவன் தெருவுக்கு முகத்தைக் காட்டவேண்டும். அதற்கு அவன் உடன்படான். ஆகவே வண்டியைப் பார்த்து நின்று, குனிந்து, மூச்சை அடக்கி, ஒரே வெட்டாக வெட்டித் தூக்குவான். இடப்புறம் கிடந்த வண்டி விருட்டென்று எழுந்து, நிமிர்ந்த நிலையைக் கடந்து, வலப்புறம் சாயும். அலருக்கு எடை கிடையாது என்பாரை இவ்விடத்தில் வந்து நிற்கச் சொல்க.

இரண்டாம் வீழ்ச்சிக்குப் பிறகே கண்டோர் வெளிப்படுவர். முதல் ஓசையில் ஜன்னல் திறக்கும், இரண்டாம் ஓசையில் கதவு திறக்கும். எதிர்வீட்டு மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேனே சார்" என்பார். டேங்க் மூடியில் பெட்ரோல் சொட்டுவதை முதலில் கவனிப்பவர் பால்காரர். இப்போது வரும் வண்டிகளில் சாய்ந்தால் எஞ்சினை அணைக்கும் சென்சார் உண்டு. பழைய கார்புரேட்டர் வண்டி, கிடந்தபடியே பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு தெருவையே கூப்பிடும். அவ்வகையில் தலைவர்கள் இன்று கொடுத்துவைத்தவர்கள். நிமிர்த்தியபின் உடனே ஸ்டார்ட் செய்யாமல் சற்று ஆறப்போடுவது நல்லது. அந்த இடைவெளியில் நற்றாய் காலில் அடிபட்டதா என்பாள். மாமா வண்டிக்கு ஏதாவதா என்பார். தலைவி ஒன்றும் கேளாள், கீழே பார்ப்பாள். உடைந்த டைல்ஸ் எத்தனை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிடும், தலைவனுக்கு மாலையில் தெரிவிக்கப்படும். இது ஊடல்.

காப்பீடு என்று ஒரு துறை உண்டென்பர். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். தன் வாசலில் தான் விழுந்த தலைவன் எவ்வளவு முயன்றாலும் மூன்றாம் நபர் ஆகான். சொந்தச் சேதத்துக்குத் தனியே கட்டியிருந்தாலும், ஒரு லிவருக்காகக் கோரிக்கை வைத்தால், கோராதவர்க்கு முதலாண்டில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும் சலுகை போய்விடும். கணக்குத் தெரிந்தோர் நேரே பாங்கனிடம் போவர்.

பாங்கனாவான் மெக்கானிக். இவன் பாடபேத ஆராய்ச்சியில் வல்லவன். நீளக் கோடாகத் தேய்ந்திருந்தால் ஓடும்போது விழுந்தது, ஒரே இடத்தில் சொட்டையாக இருந்தால் நின்றபடி விழுந்தது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவான். தலைவன் தயாராகத்தான் வருவான்.

"நிறுத்தியிருந்தேன் தம்பி. அதுவா சாஞ்சிருச்சு."

பாங்கன் வண்டியைச் சுற்றி வருவான். இடப்பக்கம் கிளச் லிவர் வளைந்திருக்கும். வலப்பக்கம் பிரேக் லிவர் முனை உடைந்து, சைலன்சரில் புதுச் சொட்டை ஒன்று இருக்கும்.

"நிறுத்தின வண்டி ரெண்டு பக்கமும் எப்படிண்ணே விழும்?"

"காத்து பலமா அடிச்சுது."

"ரெண்டு பக்கமுமா?"

தலைவன் கடைக்குள் தொங்கும் காலண்டரைப் படித்துக்கொண்டிருப்பான். பாங்கன் இரண்டு லிவருக்கும் சேர்த்து விலை சொல்லுவான்.